எந்த எண்ணெய் மலிவு, எந்த எண்ணெய் நல்லது?

நோன்பு மாதம் நெருங்கும்போது எண்ணெய் வியாபாரம் சூடுபிடிப்பது வழமை. அஸருக்குப் பின்னர் பள்ளிவாசல் சந்தியில் மேசை போட்டு சமோசாவும் ரோல்ஸும் விற்கும் இளைஞர் முதல், நூற்றுக்கணக்கான பேருக்கு சவன் சமைக்கும் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அக்காலத்தில் எண்ணெய் தேவைப்படுகிறது. அப்போது என்னிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "நானா, எந்த எண்ணெய் மலிவு?" என்பதாகும். அண்மைக் காலமாக அதன் பின்னால் இன்னொரு கேள்வியும் வருகிறது. "சரி, எந்த எண்ணெய் நல்லது?"

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தூண்டியவர்கள் வாடிக்கையாளர்கள். கொலஸ்ட்ரோலுக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்காத ஒருவராவது இல்லாத வீடு எமது ஊர்களில் குறைவு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வொன்று, இலங்கையின் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் ஐந்தில் ஒருவர் என்றால், அது வியாபாரிக்கும் உரிய செய்திதான். ஆகவேதான் வைத்தியப் பக்கத்தில் வரவேண்டிய விடயம் போலத் தோன்றும் இதனை இந்த வியாபாரப் பத்தியில் எழுதுகிறேன்.

கொழும்பில் நீண்ட காலமாகச் சாப்பாட்டுக் கடை நடத்திவரும் ஹாஜியார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்கட வாப்பா காலத்தில தேங்காய் எண்ணெயும் நெய்யும்தான். அவங்க எண்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தாங்க. இப்ப டொக்டர்மார் ஒருத்தர் ஒன்று சொல்ல மற்றவர் வேறொன்று சொல்றார். நாங்க எத நம்பி வாங்குறது?" அவரது கேள்வி நியாயமானது. அதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. ஆனால் தெளிவான பதில் உண்டு.

பெயர் ஒன்று, வகை நான்கு

கொழுப்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் பல வகையான கொழுப்பமிலங்களின் கலவையாகும். நிரம்பிய கொழுப்பு, ஒற்றை நிரம்பாக் கொழுப்பு, பல்நிரம்பாக் கொழுப்பு, ட்ரான்ஸ் கொழுப்பு என அவற்றை நான்காகப் பிரிக்கலாம். எந்த எண்ணெயிலும் இவற்றில் ஒன்று மட்டும் தனியாக இருப்பதில்லை. எது எவ்வளவு இருக்கிறது என்பதே வித்தியாசம்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அதில் பாதியளவு லோரிக் அமிலம். பாம் எண்ணெயில் ஏறத்தாழ 50 வீதம் நிரம்பிய கொழுப்பு; அதில் பெரும்பகுதி பாமிற்றிக் அமிலம். நெய்யில் 60 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு உண்டு. ஒலிவ எண்ணெயில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம் எனும் ஒற்றை நிரம்பாக் கொழுப்பு. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி ஒமேகா 6 வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலம். நல்லெண்ணெயில் ஒற்றை நிரம்பாக் கொழுப்பும் பல்நிரம்பாக் கொழுப்பும் ஏறக்குறையச் சமமாகக் காணப்படுகின்றன.

சக்தியைப் பொறுத்தவரை இவை அனைத்தும் ஒன்றே. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமில் 9 கலோரி. மாவுச்சத்திலும் சீனியிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி மாத்திரமே. எனவே "இது கொழுப்பு ஏற்றாத எண்ணெய்" என்று யாராவது விற்றால் அது வெறும் விளம்பரம். அதேபோல் தாவர எண்ணெய்ப் போத்தல்களில் "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படுகிறது. கொலஸ்ட்ரோல் என்பது விலங்குணவில் உள்ள பொருள். சமையலுக்கான எந்தத் தாவர எண்ணெயிலும் அது கணக்கிலெடுக்கக் கூடிய அளவில் இருப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலில் "சீனி அற்றது" என்று எழுதுவது போன்றதுதான் அது. அந்த வாசகத்துக்காக ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் எண்ணெய் குடலில் பித்தநீரின் உதவியுடன் சிறு துளிகளாக உடைக்கப்பட்டு, கொழுப்பமிலங்களாகச் சமிபாடடைந்து, பின்னர் மீண்டும் பொதிசெய்யப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது. தசைகள் தேவையானதை எரிக்கின்றன. எஞ்சியது கொழுப்பு இழையங்களில் சேமிக்கப்படுகிறது. அங்கும் இடம் போதாதபோது ஈரலிலும் வயிற்றுள்ளுறுப்புகளைச் சுற்றியும் படிகிறது. உடற்பருமனும் நீரிழிவும் கைகோர்ப்பது அந்த இடத்தில்தான்.

இரத்தத்திலுள்ள எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல்தான் இழுத்தெடுத்து அப்புறப்படுத்துகிறது. அதற்கென ஈரல் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் உள்ளன. லோரிக், மிரிஸ்ரிக், பாமிற்றிக் ஆகிய நிரம்பிய கொழுப்பமிலங்கள் அந்த வாங்கிகளின் வேலையைக் குறைக்கின்றன. களஞ்சியத்தில் சரக்கு இறக்கும் ஆட்களைக் குறைத்தால் தெருவில் லொறிகள் தேங்குவது போல, எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகிறது. பல்நிரம்பாக் கொழுப்பு இதற்கு நேர்மாறாக அந்த வாங்கிகளை ஊக்குவிக்கிறது.

எண்ணெய் வகை எவ்வளவு வித்தியாசத்தை ஏற்படுத்தும் என்பதற்கு சுவீடனின் உப்சாலாவில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. எமது பேக்கரி உரிமையாளர்களுக்கு மிகவும் பொருத்தமானது அது. 2014இல் வெளியான அவ்வாய்வில், சாதாரண எடையுள்ள 39 இளவயதினருக்கு 7 வாரங்கள் வழமையான உணவுக்கு மேலதிகமாக மஃபின் கேக் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினரின் கேக்கில் பாம் எண்ணெய். மற்றப் பிரிவினரின் கேக்கில் சூரியகாந்தி எண்ணெய். ஏனைய பொருட்கள் எல்லாம் ஒன்றே. இரு பிரிவினரும் ஒரே அளவில், அதாவது 1.6 கிலோ எடை கூடினர். ஆனால் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாம் எண்ணெய் கேக் சாப்பிட்டவர்களின் ஈரலில் மற்றவர்களை விடக் கூடுதலான கொழுப்புப் படிந்திருந்தது. வயிற்றுள்ளே சேர்ந்த கொழுப்பும் இரு மடங்காக இருந்தது. சூரியகாந்தி எண்ணெய் கேக் சாப்பிட்டவர்களுக்கோ கூடிய எடையில் தசை போன்ற கொழுப்பற்ற இழையத்தின் பங்கு அதிகமாக இருந்தது.

தராசு இரு பிரிவினருக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. உள்ளே நடந்ததோ வேறு. வாங்கும் எண்ணெயின் விலையை மட்டும் பார்ப்பதும் அத்தகைய தராசைப் பார்ப்பதைப் போன்றதே.

அழற்சி எனும் மெல்லிய தீ

காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாவதை நாம் அறிவோம். அதுவே அழற்சி. காயத்தை ஆற்றுவதற்காக உடம்பு மூட்டும் தீ அது. வேலை முடிந்ததும் அணைந்துவிடும். ஆனால் காயம் எதுவுமின்றி, வெளியில் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல எரிந்துகொண்டிருக்கும் ஓர் அழற்சியும் உண்டு. நீரிழிவு, மாரடைப்பு, ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியவற்றின் பின்னணியில் இந்த மெல்லிய தீ இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

1993இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுத்த எலிகளின் கொழுப்பு இழையமே டி.என்.எஃப். எனும் அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் காட்டினர். அதுவரை கொழுப்பு இழையம் என்பது வெறும் களஞ்சியம் என்றே கருதப்பட்டது. அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட கொழுப்புக் கலங்கள் நோயெதிர்ப்புக் கலங்களைத் தம்மிடம் அழைப்பதும், அவை அங்கு குடியேறி அழற்சியை வளர்ப்பதும் 2003இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே அழற்சியின் முதற் காரணம் அளவுக்கு மிஞ்சிய உணவு. எண்ணெயின் வகை அதற்கு அடுத்த காரணம்.

வகையைப் பொறுத்தவரை, மிகையாக உண்ணப்படும் பாமிற்றிக் அமிலம் கலங்களில் அழற்சியைத் தூண்டும் வழிகளை இயக்குவதாக ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. ஒலெயிக் அமிலத்துக்கு அந்தக் குணம் இல்லை. மீனெண்ணெயிலுள்ள ஒமேகா 3 கொழுப்பமிலங்களிலிருந்து உடம்பு தயாரிக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கவும் முடித்துவைக்கவும் உதவுகின்றன.

இங்கு ஒரு வதந்தியையும் தெளிவுபடுத்த வேண்டும். "சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களிலுள்ள ஒமேகா 6 தான் அழற்சிக்குக் காரணம்" என்று சிலர் அடித்துச் சொல்கின்றனர். ஒமேகா 6 இலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருட்கள் உருவாக முடியும் என்பது உண்மையே. ஆனால் மனிதர்களுக்கு லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துச் செய்யப்பட்ட 15 பரிசோதனைகளை 2012இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. ஏட்டில் சாத்தியமானது உடம்பில் நடக்கவில்லை என்பதே அதன் பொருள்.

முதலில் விலக்க வேண்டியது எது?

நான்கு வகைகளிலும் எந்த வாதத்துக்கும் இடமின்றித் தீயது ட்ரான்ஸ் கொழுப்பாகும். திரவ எண்ணெயில் ஐதரசனைச் செலுத்திக் கட்டியாக்கும் முறைக்கு ஜேர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். மலிவான எண்ணெய், வெண்ணெயைப் போலக் கட்டியாகவும் பழுதடையாமல் நீண்ட நாள் இருக்கவும் அது வழிசெய்தது. இந்தியாவில் 1937இல் சந்தைக்கு வந்த டால்டா, வனஸ்பதிக்கே பொதுப்பெயராகும் அளவுக்குப் பரவியது. நெய்க்குப் பதிலாக அது புரியாணிச் சட்டியிலும் இனிப்புப் பண்டங்களிலும் புகுந்தது. ஐதரசனேற்றம் முழுமையடையாமல் பாதியில் நிறுத்தப்படும்போதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு மிகுதியாக உருவாகிறது.

1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகிய ஆய்வாளர்கள், ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவதோடு எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்ட்ரோலையும் குறைக்கிறது என நிரூபித்தனர். நிரம்பிய கொழுப்புக்குக் கூட இந்த இரட்டைத் தீங்கு கிடையாது. அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், ட்ரான்ஸ் கொழுப்பை மிகக் கூடுதலாக உண்டவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, மிகக் குறைவாக உண்டவர்களை விட 73 வீதம் கூடுதலாக இருந்தது. நாளாந்த சக்தியில் வெறும் 2 வீதம் ட்ரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால் இருதய நோய் ஏற்படும் வாய்ப்பு 23 வீதத்தால் கூடுகிறது என 2006இல் கணக்கிடப்பட்டது. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 2 வீதம் என்பது சுமார் நாலரைக் கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான்.

டென்மார்க் 2003இல் சட்டமியற்றி, 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் ட்ரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது என வரையறுத்தது. அமெரிக்கா 2015இல் முடிவெடுத்து 2018இல் பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய்களை விலக்கியது. இந்தியாவும் 2022 முதல் 2 வீத வரம்பைக் கொண்டுவந்தது. ட்ரான்ஸ் கொழுப்பால் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பேர் மரணிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது.

பேக்கரிகளுக்கு நான் சொல்வது இதுதான். மாஜரின் என்றாலே நஞ்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை. இன்று ட்ரான்ஸ் கொழுப்பின்றியும் மாஜரின் தயாரிக்க முடியும். பல தயாரிப்பாளர்கள் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் பெட்டியில் "பார்ஷலி ஹைட்ரஜனேட்டட்" என்ற சொற்கள் இருந்தால் அதனை வாங்காதீர்கள். மொத்தமாக வரும் பெட்டியில் விபரச்சீட்டே இல்லையென்றால், விற்பவரிடம் கொழுப்பமில விபரத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடமிருந்து ஏன் வாங்க வேண்டும்?

தேங்காய் எண்ணெய் வழக்கு

ஹாஜியாரின் கேள்விக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா?

16 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2020இல் வெளியான ஆய்வொன்றின்படி, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களுடன் ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை 10 மில்லிகிராம் அளவில் கூட்டுகிறது. நல்ல கொலஸ்ட்ரோலையும் 4 மில்லிகிராம் அளவில் கூட்டுகிறது. அமெரிக்க இருதய சங்கம் 2017இல் நிரம்பிய கொழுப்புக்குப் பதிலாகப் பல்நிரம்பாக் கொழுப்பை உண்டால் இருதய நோய் ஏறத்தாழ 30 வீதம் குறைகிறது எனக் கூறி, தேங்காய் எண்ணெயைச் சிபாரிசு செய்ய மறுத்தது. "தேங்காய் எண்ணெய் நேரடியாக ஈரலுக்குச் சென்று எரிந்துவிடும், கொழுப்பாகாது" என்று சொல்லப்படுவது, வேறொரு விசேட எண்ணெயில் செய்த ஆய்வுகளிலிருந்து இரவல் வாங்கப்பட்ட வாதமாகும். அவ்வாறு விரைவாக எரியும் சிறு கொழுப்பமிலங்கள் தேங்காய் எண்ணெயில் 15 வீதமளவுக்கே உண்டு. லோரிக் அமிலம் பெரும்பாலும் ஏனைய கொழுப்புகளின் பாதையிலேயே பயணிக்கிறது.

அப்படியானால் வாப்பா எண்பது வயது வரை வாழ்ந்தது எப்படி? வாப்பா காலத்தில் தேங்காயோடு மீனும், கீரையும், பருப்பும், கைகால் உழைப்பும் இருந்தன. எண்ணெயில் பொரித்த உணவு பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் உரியதாக இருந்தது. இன்றோ காலைப் பராட்டா, பத்து மணி ரோல்ஸ், இரவுக் கொத்து என்று அன்றாட உணவாகிவிட்டது. எண்ணெய் மாறியதை விட வாழ்க்கை மாறியது பெரிது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017இல் 18 நாடுகளில் ஒரு இலட்சத்து 35 ஆயிரம் பேரை ஆராய்ந்து வெளியான ஆய்வு, மாவுச்சத்தை மிகக் கூடுதலாக உண்டவர்களிடையே மரண வீதம் கூடியிருந்ததாகக் கூறியது. நிரம்பிய கொழுப்பைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தைச் சீனியாலும் வெள்ளை மாவாலும் நிரப்பினால் பலன் இல்லை. தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சீனி போட்ட குளிர்பானத்தைக் கூட்டுபவர் எதையும் சேமிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, நிரம்பிய கொழுப்பு நாளாந்த சக்தியில் 10 வீதத்தை மீறக் கூடாது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 12 கிராம். பாம் எண்ணெயில் சுமார் 7 கிராம். சூரியகாந்தி எண்ணெயில் ஒன்றரைக் கிராம். தேங்காய்ப்பால் ஊற்றிய கறி, சம்பல், வட்டிலப்பம் என்று எமது உணவில் தேங்காயின் கொழுப்பு வேறு வழிகளிலும் வந்து சேர்வதால், கறி தாளிக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்பதில் தவறில்லை. பொரிப்பதற்கும் அதுவே என்றால் வரம்பு காலையிலேயே தாண்டிவிடும்.

தாச்சியில் தோன்றும் சிக்கல்

இங்குதான் வியாபாரிக்குச் சங்கடம் ஏற்படுகிறது. இருதயத்துக்கு நல்லதான பல்நிரம்பா எண்ணெய், நீண்ட நேரம் கொதிக்கும் தாச்சியில் விரைவாகப் பழுதடைகிறது. ஒட்சிசனோடு சேர்ந்து அல்டிஹைட் போன்ற தீய பொருட்களை உருவாக்குகிறது. நிரம்பிய கொழுப்பு கூடிய பாம் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சூட்டைத் தாங்குகின்றன. ஆகவேதான் பொரிக்கும் கடைகள் அவற்றை விரும்புகின்றன. இரண்டையும் சமாளிக்கக் கூடியது ஒலெயிக் அமிலம் கூடிய எண்ணெய். ஒலெயிக் கூட்டப்பட்ட சூரியகாந்தி வகை உலகச் சந்தையில் உண்டு, விலைதான் கூட. எனவே சாதாரண கடைக்கு நான் சொல்லும் வழி: பொரிப்பதற்கு பாம் ஒலெயின் போன்ற சூடு தாங்கும் எண்ணெயை அளவாகவும் புதிதாகவும் பாவியுங்கள், தாளிப்பு, கறி, சலாது, கேக் ஆகியவற்றுக்கு நிரம்பாக் கொழுப்புள்ள எண்ணெய்க்கு மாறுங்கள்.

பொரிக்கும் சூடு 170 முதல் 180 பாகை வரை போதுமானது. எண்ணெய் புகைத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நாளும் கடை மூடுமுன் எண்ணெயை வடித்துக் கருகிய தூளை அகற்றுங்கள். தாச்சிக்கு மேலே உப்புத் தூவாதீர்கள். பழைய எண்ணெயின் மீது புதியதை ஊற்றி ஊற்றி நாட்களை ஓட்டாதீர்கள்; பழையது புதியதையும் விரைவில் கெடுத்துவிடும். நிறம் கறுத்து, தடித்து, நுரை அடங்காமல் நின்றால் அதன் காலம் முடிந்தது. இந்தியா 2018 முதல் பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்வைகள் 25 வீதத்தை மீறக் கூடாது எனச் சட்டம் வைத்துள்ளது. அதனை அளக்கும் சிறு கருவிகளும் விற்பனைக்கு உண்டு. பல கிளைகள் உள்ள கடைக்கு அது நல்ல முதலீடு.

கழித்த எண்ணெயை என்ன செய்வது? அதனை மலிவு விலைக்கு வாங்கிச் சென்று மீண்டும் சமையலுக்கு விற்பவர்களிடம் கொடுப்பது இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் தட்டில் அதனைக் கொட்டுவதற்குச் சமம். பயோடீசல், சவர்க்காரம் போன்றவற்றுக்கு அதனைப் பாவிக்கலாம். யாரிடம் கொடுக்கிறீர்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

செலவு எவ்வளவு கூடும்?

"இதெல்லாம் செய்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்பார் சிலர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 300 சோர்ட் ஈட்ஸ் பொரிக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோல் 10 கிராம் எண்ணெயைக் குடிக்கும் என்று வைத்தால் 3 கிலோ, அதாவது மூன்றேகால் லீற்றர் அளவு உணவோடு போய்விடும். எஞ்சியதைக் கழிப்பதையும் சேர்த்து நாளுக்கு 5 லீற்றர் என வைப்போம். நல்ல எண்ணெய்க்கு லீற்றருக்கு 200 ரூபா கூடுதலாகக் கொடுத்தாலும் மேலதிகச் செலவு 1,000 ரூபா. ஒரு துண்டுக்கு 3 ரூபா 33 சதம். இந்தத் தொகைக்காக வாடிக்கையாளர் கடை மாறமாட்டார். "இங்கு எண்ணெய் தினமும் மாற்றப்படுகிறது" என்று பலகை எழுதி அதன்படி நடந்தால், மாறி வருபவர்களே அதிகம்.

ரோல்ஸில் பாதியைப் பொரிக்காமல் போறணையில் சுட்டு விற்றால் எண்ணெய்ச் செலவு மேலும் குறையும். நோன்பு திறக்கும் வேளையில் மூன்று ரோல்ஸ் உண்பவருக்கு 30 கிராம் எண்ணெய் உள்ளே போகிறது. பாம் எண்ணெயாயின் அதில் நிரம்பிய கொழுப்பு 15 கிராம். ஒரு பொரித்ததும் ஒரு சுட்டதும், ஒரு கோப்பைக் கஞ்சியும் என்று பொதி செய்து விற்பது வியாபாரத்துக்கும் பொருந்தும், உடம்புக்கும் பொருந்தும்.

மீனையும் மறக்கக் கூடாது. சாளை, சூடை, கும்பளா போன்ற மலிவு மீன்களில் ஒமேகா 3 நிறைய உண்டு. அதற்கு விலை உயர்ந்த குளிசை தேவையில்லை. கிழமைக்கு இரு தடவை மீன் போதும் என்பதே பொதுவான ஆலோசனை. ஆனால் 2003இல் அமெரிக்க முதியோரிடையே வெளியான ஆய்வில், சுட்டோ வேகவைத்தோ உண்ட மீனில் காணப்பட்ட இருதயப் பலன் பொரித்த மீனில் காணப்படவில்லை. பகல் சாப்பாட்டுப் பொதியில் பொரித்த மீனுக்குப் பதிலாக ஆணமோ புளி மீனோ வைத்தால் எண்ணெயும் மிச்சம்.

ஒரே எண்ணெயை நம்பியிருப்பதில் வியாபார ஆபத்தும் உண்டு. 2021 மார்ச்சில் இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் அஃப்லரொக்சின் எனும் நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் தேங்காய் விலை எகிறியது. இரண்டு மூன்று எண்ணெய்களைப் பழகி, மூலத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, முத்திரையிட்ட கொள்கலனில் வாங்கும் கடை இத்தகைய அதிர்ச்சிகளில் தடுமாறாது. தெரியாத மூலத்திலிருந்து வரும் தளர் எண்ணெய் மலிவாக இருப்பதற்கு ஏதோ காரணம் இருக்கும்.

எமது கடைகளின் வாசலில் ஹலால் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம்பிக்கையோடு உள்ளே வருகின்றனர் மக்கள். இறைச்சி எப்படி அறுக்கப்பட்டது என்று விசாரிக்கும் நாம், அது எந்த எண்ணெயில் எத்தனையாவது நாளாகப் பொரிக்கப்படுகிறது என்றும் விசாரிக்க வேண்டும். ஹலாலோடு தையிப், அதாவது தூய்மையானதும் நல்லதும் என்ற நிபந்தனையும் எமது மார்க்கத்தில் சேர்ந்தே வருகிறது. ஹாஜியாரிடம் நான் சொன்னது: "தாளிக்கத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் இருக்கட்டும், ஹாஜியார். வனஸ்பதியை இன்றோடு நிறுத்துங்க. தாச்சி எண்ணெயை நாளாந்தம் பாருங்க." அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெட்டியை எடுத்து விபரச்சீட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்துக் காட்டினேன். அடுத்த கொள்வனவுப் பட்டியலில் அந்தப் பெயர் வெட்டப்பட்டிருந்தது.